ரிப்பன் கட்டிய வண்டிகள்

சனிக்கிழமை காலை ஆர்லீன் ஹெட்ரிக்கின் கேக் கடையில் ஏ.சி. மக்கர் செய்தது. வட கரோலினாவின் ஜூலை வெயிலில், வெண்ணெய்க் கிரீம் பூசிய நான்கு அடுக்குக் கேக்கை வைத்துக்கொண்டு நிற்பவள் வாயில் என்னென்ன வார்த்தை வருமோ அத்தனையும் அவள் வாயிலும் வந்தது. ஞாயிறு தவறாமல் பாப்டிஸ்ட் கோயிலுக்குப் போகிறவள் என்பதால் ஒவ்வொன்றையும் பாதியில் விழுங்கிக்கொண்டாள்.

"முழுசாத்தான் சொல்லிடுங்களேன் மிஸ் ஆர்லீன். நான் யார்கிட்டயும் போட்டுக்கொடுக்க மாட்டேன்," என்றாள் லூசிலா.

லூசிலா அந்தக் கடையில் பல வருடமாகக் கேக்குக்குப் பூ வைப்பவள். அன்று அவளுக்கு வேலை நாளே இல்லை. அவளுடைய ஒரே மகள் யாரெட்ஸிக்குப் பதினைந்து வயது நிறைந்த விழா. அம்மாக்காரி தலையில் ரோலர் சுற்றிக்கொண்டு மகளின் கேக்குக்குத் தானே சர்க்கரை ரோஜா செய்துகொண்டிருந்தாள். வேறு யார் செய்தாலும் குறை சொல்லிக்கொண்டே இருப்பாள் என்பதால் ஆர்லீனும் தடுக்கவில்லை.

மெக்சிகோக்காரர்கள் வீட்டில் இந்த விழாவை ஒரு குடும்பமாகத் தாங்க முடியாது. அதனால் சொந்தமும் சினேகிதமும் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொள்வார்கள். கிரீடத்துக்கு ஒரு ஞானத்தாய், பாட்டுக் குழுவுக்கு ஒரு ஞானத்தந்தை, செருப்புக்கு இன்னொருத்தர். கேக்குக்கு ஞானத்தாய் ஆர்லீன். அந்த ஊரில் ஒரு வெள்ளைக்காரி இப்படி ஒன்றை ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"ஊர்வலம் மில் ரோடு வழியா வேண்டாம், பின்பக்க ரோட்டுல கூட்டிட்டுப் போயிடலாம்னு ஃபெர்மின் சொல்றார்," என்றாள் லூசிலா. ஃபெர்மின் அவள் கணவன். கூரை போடும் வேலை. அந்த ஊரில் பாதி வீடு ஒழுகாமல் இருப்பதற்கு அவன்தான் காரணம்.

"பின்பக்கமா எதுக்கு? திருடிட்டா போறீங்க? நான் எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்."

"என்ன ஏற்பாடு?"

"டுவைட்டுக்குப் போன் பண்ணிட்டேன். இங்க சாவு ஊர்வலத்துக்குக்கூட முன்னாடி ஒரு போலீஸ் வண்டி போகும். பள்ளிக்கூட ஊர்வலத்துக்கும் போகும். என் பொண்ணு ஊர்வலத்துக்கு மட்டும் என்னவாம்? எந்த ரோடு, எத்தனை மணி, வண்டியில பிங்க் ரிப்பன் கட்டியிருக்கும், எல்லாம் சொல்லிட்டேன். வண்டி அனுப்பறேன்னுட்டான்."

லூசிலாவின் கையிலிருந்த ரோஜா இதழ் மடிந்துபோனது. "ஷெரீஃபுக்கா சொன்னீங்க?"

அந்தக் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, போலீஸ் தலைவரான ஷெரீஃப் டுவைட் ஹெட்ரிக், ஆர்லீனின் மறைந்த கணவருக்கு அண்ணன் மகன். போன வருடம் அவர் மத்திய அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். அதன்படி ஊர் போலீசே ஒருவரிடம் குடியேற்றக் காகிதம் கேட்கலாம். காகிதம் இல்லையென்றால் ஜெயிலில் பிடித்து வைத்து மத்திய அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம். ஒரு வருட ஒப்பந்தம் அது. நீட்டிப்பதா வேண்டாமா என்று திங்கட்கிழமை மாலை கவுண்டி மன்றத்தில் ஓட்டெடுப்பு. ஆர்லீனின் கேக் வேனுக்குப் பின்னால் 'ஷெரீஃபை ஆதரிப்போம்' என்ற ஸ்டிக்கர் பளபளத்தது.

"உனக்கு என்னடி பயம்? சட்டம்னா சட்டம். தப்புப் பண்ணாதவங்களை டுவைட் ஏன் தொடப்போறான்? அதுவும் என் கேக் போற ஊர்வலத்தை?"

சம்பளம் கொடுக்கிறவளிடம், அதுவும் மகளுக்கு ஞானத்தாய் ஆனவளிடம், சில விஷயங்களைச் சொல்ல முடிவதில்லை. லூசிலா மடிந்த இதழைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இதழ் செய்தாள்.

கோயிலில் பூசை முடிந்ததும் விழா மண்டபத்துக்கு ஊர்வலம் கிளம்பியது. உருகுகிற பண்டம் முன்னால் போக வேண்டும் என்று கேக் வேனை முதலில் விட்டார்கள். அடுத்த காரில் ரோஜா நிறக் கவுனில் யாரெட்ஸி. அந்தக் காரை ஓட்டியவன் அவள் சித்தப்பா ஆபேல். அவன் டெக்சாஸில் பிறந்து ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன். அதற்குப் பின்னால் ஃபெர்மினின் பிக்கப் வண்டி, லூசிலாவோடு. அதற்குப் பிறகு சொந்தபந்தம், எல்லா வண்டியிலும் பிங்க் ரிப்பன், ஓயாத ஹாரன் சத்தம்.

தீவன ஆலையைத் தாண்டிய வளைவில் நீல விளக்கு சுழல்வது தெரிந்ததும் ஆர்லீனுக்கு முகமெல்லாம் பல். "வந்துட்டான் பாரு எங்க பையன்," என்று கேக்கிடம் சொன்னாள்.

இன்னும் கொஞ்சம் நெருங்கியதும்தான் ரோட்டை மறித்த ஆரஞ்சுக் கூம்புகளும் பலகையும் கண்ணில் பட்டன. லைசென்ஸ் சோதனை.

ஆர்லீனுக்குப் பயம் வந்தது. ஊர்வலத்துக்காக அல்ல, அவளுக்காகத்தான். அவளுடைய லைசென்ஸ் மார்ச் மாதமே காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கப் போனால் கண் பரிசோதனை செய்வார்கள். இடது கண்ணில் புரை விழுந்திருப்பது அவளுக்கே தெரியும். தேறாவிட்டால் வேன் இல்லை, வேன் இல்லாவிட்டால் கடை இல்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தவள் இப்போது பையைத் துழாவினாள்.

ஜன்னல் அருகே குனிந்தவன் கோடி. டுவைட்டின் ஆட்களில் இளையவன். "மிஸ் ஆர்லீன்! கேக் உருகிடப்போகுது, போங்க போங்க!"

"லைசென்ஸ் வந்து..."

"உங்ககிட்ட கேட்பேனா? உங்க பிஸ்கெட் தின்னு வளர்ந்த உடம்பு இது," என்று வயிற்றைத் தட்டிக் காட்டிக் கையசைத்தான்.

ஆர்லீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வண்டியை நகர்த்தினாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே பின்கண்ணாடியைப் பார்த்தாள். யாரெட்ஸியின் கார் ஓரம்கட்டப்பட்டிருந்தது. ஃபெர்மினின் பிக்கப்பும் அப்படியே. ஊர்வலத்துக்கு நடுவில் சிக்கிக்கொண்ட, படகு இழுத்துவந்த ஒரு வெள்ளைக்காரரின் லாரியைக் கோடி கையசைத்து அனுப்பினான். அதற்கடுத்த ரிப்பன் வண்டியை ஓரம்கட்டினான்.

ஆர்லீன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. காகிதம்தானே பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு விடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மண்டபத்தைப் பார்த்து ஓட்டினாள்.

தீயணைப்பு நிலைய மண்டபத்தில் பாட்டுக் குழு மூன்று முறை சுருதி சேர்த்துவிட்டது. கேக்கின் மேலடுக்கு லேசாகச் சாயத் தொடங்கியபோதுதான் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஹாரன் சத்தம் இல்லை.

முதலில் இறங்கிய ஆபேலின் முகம் சிவந்திருந்தது. "லைசென்ஸ் குடுத்தேன். பாஸ்போர்ட் எங்கேன்னான். எங்க பொறந்தேன்னான், சான் அன்டோனியோன்னேன். 'அதுக்கு முன்னாடி?'ங்கறான்! பொறக்கறதுக்கு முன்னாடி நான் எங்கே இருந்தேன்னு எங்கம்மாவைத்தான் கேட்கணும்!"

யாரும் சிரிக்கவில்லை. கவுன் ஓரத்தில் ரோட்டுப் புழுதியோடு யாரெட்ஸி வந்தாள். பின்னால் லூசிலா, தனியாக.

"ஃபெர்மின் எங்கே?" என்றாள் ஆர்லீன்.

"விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. புள்ள கண்ணு முன்னாடி." லூசிலா அழவில்லை. அழுதிருந்தால் ஆர்லீனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "பழைய லைசென்ஸைக் காட்டினார். காலாவதியாம். காகிதம் இல்லாதவங்களுக்குப் புதுப்பிக்க மாட்டோம்னு அரசாங்கமே சட்டம் மாத்திடுச்சு. அதுக்கு முன்னாடி எல்லா வருஷமும் ஒழுங்காப் புதுப்பிச்சவர்தான். இனிமே கூரை வேலைக்கு நடந்தா போவார், ஏணியைத் தலையில வெச்சுக்கிட்டு?"

காலாவதியான லைசென்ஸ். ஆர்லீனின் கை தானாகத் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"மிஸ் ஆர்லீன், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாங்க எந்த ரோட்டுல, எத்தனை மணிக்கு வருவோம்னு அவங்களுக்கு யார் சொன்னது?" என்றாள் லூசிலா.

அவர்கள் வழக்கப்படி அந்த நாளில் அப்பா மண்டியிட்டு மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றி, குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் நடனம். ஆபேல் செய்கிறேன் என்று முன்வந்தான். யாரெட்ஸி காலை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா வந்து மாட்டட்டும். அதுவரைக்கும் நடனமும் கிடையாது, கேக் வெட்டறதும் கிடையாது. நான் ஒண்ணும் ஓடிப்போயிட மாட்டேன், அவரை ஊரைவிட்டு அனுப்பவும் விடமாட்டேன்."

மறுநாள் கோயில் முடிந்த கையோடு ஆர்லீன் டுவைட்டின் வீட்டுக்குப் போனாள். அவர் கொல்லையில் பன்றி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சித்தி, ஐஸ் டீ குடிக்கிறீங்களா?"

"ஊர்வலத்துக்கு வண்டி அனுப்பறேன்னு சொன்னியே!"

"அனுப்பினேனே. நாலு வண்டி அனுப்பினேன்." அவர் சிரித்த சிரிப்பில் ஆர்லீனுக்கு உடம்பு எரிந்தது.

"லைசென்ஸ் காலாவதியானா ஜெயிலாடா?"

"இல்லை சித்தி. அபராதச் சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பிடுவோம்."

"அப்போ ஃபெர்மினுக்கு?"

"அது வேற விஷயம்."

"என்ன வேற?"

டுவைட் இறைச்சியைத் திருப்பிப் போட்டார். "உங்களுக்கே தெரியும் சித்தி. நீங்க சின்னக் குழந்தை இல்லை."

"அவங்க யாருன்னு எப்படித் தெரிஞ்சுது உன் ஆளுங்களுக்கு? நெத்தியில எழுதியிருந்துதா?"

"ரிப்பன் கட்டியிருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

டுவைட் நீட்டிய ஐஸ் டீயை ஆர்லீன் தள்ளிவிட்டாள்.

ஃபெர்மினின் ஜாமீன் தொகையை அவன் கோயில்காரர்கள் சேர்ந்து கட்டிவிட்டார்கள். ஆனால் ஒப்பந்தம் இருக்கிறவரை ஜாமீன் கட்டினாலும் பிடித்து வைக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை மத்திய அதிகாரிகளின் வண்டி வரும். ஏற்றிவிட்டால் அப்புறம் மெக்சிகோதான். திங்கட்கிழமை மன்றம் ஒப்பந்தத்தை நீட்டிக்காவிட்டால் அன்றோடு அது தீர்ந்தது. ஷெரீஃப் அவனை விட்டாக வேண்டும். இதை டுவைட்டே சொன்னார், அப்படி நடக்காது என்ற தைரியத்தில். மன்றத்தில் ஐந்து பேர். அவர்களில் மூன்று பேர் தன் பக்கம் என்று அவருக்கு நிச்சயம்.

"நாளைக்கு வந்து நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க சித்தி. கடைக்காரங்க சொன்னா எடுபடும்."

"பேசறேன்," என்றாள் ஆர்லீன்.

திங்கட்கிழமை மாலை மன்றத்தில் நிற்கவும் இடமில்லை. நடுவழிக்கு இந்தப் பக்கம் ஷெரீஃபின் ஆதரவாளர்கள், அந்தப் பக்கம் எதிர்ப்பாளர்கள். கல்யாண வீட்டில் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு வீட்டார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஆர்லீன் வழக்கமான பழக்கத்தில் ஷெரீஃப் பக்கமே உட்கார்ந்தாள்.

கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் எழுந்தார். அவருடைய மருமகனைக் குடித்துவிட்டு வந்த ஒருவன் வண்டியால் மோதிக் கொன்றிருந்தான். அவனிடம் காகிதம் இல்லை. "என் பொண்ணு விதவையா நிக்கிறா. அவனை முன்னாடியே பிடிச்சிருந்தா என் மாப்பிள்ளை உயிரோட இருந்திருப்பான்," என்றார். குரல் உடைந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர்களும் தலை குனிந்தார்கள். அந்தத் துக்கம் பொய்யில்லை.

அடுத்து ஆபேல் பேசினான். "குடிகாரனைப் பிடிங்க, நானே கூட வர்றேன். நான் குடிக்கலை. என் அண்ணன் குடிக்கலை. ஒருத்தரைக்கூட ஊதச் சொல்லலை. மூஞ்சியைப் பார்த்தாங்க, ஓரம்கட்டினாங்க."

"அது பொய்," என்றார் டுவைட், மைக்கைப் பிடித்து. "எங்க ஆளுங்க யார் முகத்தையும் பார்க்கறதில்லை. எல்லா வண்டியையும் நிறுத்தினோம். எல்லார்கிட்டயும் லைசென்ஸ் கேட்டோம். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

இந்தப் பக்கம் பலமாகக் கைதட்டியது. மன்றத் தலைவர் ரே பூத் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அடுத்தது, மிஸ் ஆர்லீன்," என்றார், நிம்மதியாக. கேக்குக்காரம்மா யார் பக்கம் என்பது ஊருக்கே தெரியும்.

ஆர்லீன் மைக்குக்குப் போனாள். முழங்கால் வலித்தது. பேச வேண்டியதை முந்தின நாளிலிருந்து கேக் மாவிடம் சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது அத்தனையும் மறந்துபோனது. பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து, ஐந்து பேரும் உட்கார்ந்திருந்த மேசையில் டப்பென்று போட்டாள்.

"படிங்க ரே. என்ன தேதி போட்டிருக்கு?"

ரே பூத் படித்தார். மறுபடியும் படித்தார். "மார்ச்... இது முடிஞ்சுபோச்சே ஆர்லீன்."

"முடிஞ்சுபோச்சு. கண்ணுல புரை, அதுக்குப் பயந்துக்கிட்டுப் புதுப்பிக்கப் போகலை. சனிக்கிழமை அந்தச் சோதனையில முதல் வண்டி என்னோடது. என்னை யாரும் கேட்கலை. கேக் உருகிடும், போங்கன்னு அனுப்பிட்டாங்க. எனக்குப் பின்னாடி வந்த ஃபெர்மின்கிட்டயும் இதே மாதிரி காலாவதியான லைசென்ஸ். அவன் ஜெயில்ல இருக்கான். நான் இங்க நின்னு பேசிட்டு இருக்கேன்."

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. டுவைட் எழுந்துவிட்டார். "சித்தி, உட்காருங்க."

"உட்கார மாட்டேன். கோடி! நீ சொல்லு. என்னைக் கேட்டியா?"

சுவரோரம் நின்ற கோடியின் காது சிவந்தது. ஷெரீஃபைப் பார்த்தான், ஆர்லீனைப் பார்த்தான். "கேட்கலை மிஸ் ஆர்லீன். ரிப்பன் கட்டின வண்டியில... அவங்களைப் பார்க்கச் சொன்னாங்க."

"என் வேன்லயும் ரிப்பன் இருந்துது, கண்ணு. ரிப்பனுக்குப் பின்னாடி யார் மூஞ்சி இருக்குன்னு பார்த்தீங்க." ஆர்லீன் கோழிப் பண்ணைக்காரர் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. "உங்க மாப்பிள்ளை கல்யாணக் கேக்கை நான்தான் செஞ்சேன். உங்க துக்கம் எனக்குத் தெரியும். ஆனா சனிக்கிழமை அந்த ரோட்டுல உண்மையிலேயே ஆபத்தான ஆள் யார் தெரியுமா? ஒரு கண்ணு தெரியாம வேன் ஓட்டிக்கிட்டுப் போன நான்தான். என்னை விட்டுட்டாங்களே!"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்வலம் எந்த ரோட்டுல வருதுன்னு ஷெரீஃபுக்குச் சொன்னதும் நான்தான். பாதுகாப்புக்கு வருவாங்கன்னு நம்பிச் சொன்னேன். இனிமே இந்த ஊர்ல எந்த லூசிலா வீட்டுல திருடு போனாலும், எந்தப் புள்ளை காணாமப் போனாலும், போலீசுக்குப் போன் பண்ணுவாங்கன்னு நினைக்கிறீங்களா? நானே பண்ண மாட்டேன். இதுக்கு ஓட்டுப் போடறவங்க, போடறதுக்கு முன்னாடி என்னையும் உள்ள போடுங்க."

ஓட்டெடுப்பில் ரே பூத்தின் கை பாதி எழும்பி இறங்கிவிட்டது. ஒப்பந்தத்தை நீட்டிக்க இரண்டு பேர், வேண்டாமென மூன்று பேர். லூசிலா தன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். யாரெட்ஸி போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. மத்திய அதிகாரிகளின் வண்டி வரும் முன் ஃபெர்மினைக் காலையில் விட்டாக வேண்டும். அவனுக்குக் காகிதம் கிடைத்துவிடவில்லை, லைசென்ஸும் கிடைக்காது. ஆனால் வீட்டுக்கு வருவான்.

வெளியே வாகனம் நிறுத்தும் இடத்தில் ஆர்லீன் தன் வேனில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினாள். டுவைட் வேகமாக வந்து முன்னால் நின்றார். முகம் கறுத்திருந்தது.

"இறங்குங்க சித்தி. லைசென்ஸ் இல்லாம ஓட்டக்கூடாது."

"சனிக்கிழமை ஓட்டினேனே."

"அத்தனை பேர் பார்க்கறாங்க சித்தி..."

"பார்க்கட்டும். அதுக்குத்தான் ஏறி உட்கார்ந்தேன். எழுது சீட்டை."

கூட்டம் சுற்றிக்கொண்டது. டுவைட்டுக்கு வேறு வழியில்லை. சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். சொந்தச் சித்தியின் பெயரை எழுதும்போது அவர் கை நின்று நின்று போனது. கிழித்து நீட்டியதை ஆர்லீன் வாங்கி உரக்கப் படித்தாள். பிறகு இறங்கி, சாவியை ஆபேலின் கையில் வைத்தாள். "நீ ஓட்டு. இங்க ஒழுங்கான லைசென்ஸ் வெச்சிருக்கிறது நீதான்."

லூசிலா பக்கத்தில் வந்து நின்றாள். ஆர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் ஆர்லீனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஆர்லீன் வேனில் ஏறும் முன் திரும்பி, சீட்டை டுவைட்டின் முகத்துக்கு நேராக ஆட்டினாள்.

"என்னை எப்படி நிறுத்தினியோ அப்படியே அவங்களையும் நிறுத்து. என்னைக் கேட்காத கேள்வியை அவங்களையும் கேட்காதே. ஆளைப் பார்த்து மாறினா அதுக்குப் பேர் சட்டம் இல்லடா டுவைட், வெறும் அதிகாரம். அந்த அதிகாரத்துக்கு இனிமே என் வேன்ல ஸ்டிக்கரும் கிடையாது, என் கடையில பிஸ்கெட்டும் கிடையாது."